விளம்பரமும் வாங்குவோர் மனமும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்துப் பேச வேண்டுமென்று நிர்வாக சபையார் எம்மைப் பணித்தனர். கல்வியின் மேன்மையைப் பற்றியும் ஒற்றுமையின் பயனைப் பற்றியும் எம்மினும் வல்லார் பலர் இம்மேடையில் பேசியிருக்கின்றனர், இனியும் பேசுவர். ஆதலின் சில திங்களாக நம் சங்கத்தின் முன் நின்று விடை வேண்டும் ஒரு கேள்வியையே யாம் எடுத்துக்கொண்டோம். குற்றமிருப்பின் பொறுத்து, குணமிருப்பின் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

கேள்வி இதுதான்: விளம்பரமானது மக்கள் வாங்குவதை மெய்யாகவே மாற்றுகின்றதா? அன்றி, மாற்றுவதாக நாம் எண்ணிக்கொள்கின்றோமா?

இக்கேள்வி மூன்று வாயில்களின் வழியே நம்மிடம் வந்தது. பாத்திரக்கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் ஒருவர் ஒருநாள் எம் இல்லத்திற்கு வந்து, "அண்ணா! பெரிய கடைக்காரர்கள் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நாள்தோறும் தோன்றுகின்றார்கள். நானும் இரண்டு லட்ச ரூபாய் கடன் வாங்கி விளம்பரம் செய்யவேண்டுமா, அல்லது கடையை மூடவேண்டியதுதானா?" என்று கேட்டார். இது முதல் வாயில். மாதர் கூட்டத்தில் ஒரு சகோதரி, "விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வேறு யாரோ, எனக்கு வேண்டியதையே நான் வாங்குகிறேன்" என்று உறுதியாகக் கூற, அருகிலிருந்தோர் அனைவரும் தாமும் அவ்வாறே என்றனர். அனைவரும் ஏமாறாதவரானால் அத்தனை கோடி ரூபாயும் யாரை நம்பிச் செலவிடப்படுகின்றது? இது இரண்டாம் வாயில். காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறிவிட்டமையால், எவர் கொடுக்கும் விளம்பரத்தையும் நம் திங்களிதழில் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை சபையின் முன் வந்திருக்கின்றது. இது மூன்றாம் வாயில். மூன்றிற்கும் விடை ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றது என்பது எம் துணிபு.

விளம்பரம் புதிதன்று

விளம்பரத்தை மேல்நாட்டார் கொணர்ந்த மாயம் என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், அந்நகரில் பறந்த பற்பல கொடிகளுள் கள் விற்குமிடத்துக் கொடியும் ஒன்றாகக் கூறப்படுகின்றது. எழுத்தறியாதாரும் கொடியைக் கண்டு கடையை அறிந்தனர். தெருவில் உப்பும் கீரையும் கூவி விற்றதும் விளம்பரமே. ஆயின் இவையாவும், 'இன்ன பொருள் இன்ன இடத்தில் உண்டு' என்று அறிவித்தனவேயன்றி, 'இஃதில்லையேல் நீ தாழ்ந்தவன்' என்று எவரையும் அச்சுறுத்தவில்லை. அறிவிக்கும் விளம்பரம், அச்சுறுத்தும் விளம்பரம் என்னும் இவ்விரண்டினையும் வேறு வேறாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இரண்டு தவறான எண்ணங்கள்

விளம்பரத்தைப் பற்றி உலகில் இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, அது சர்வ வல்லமையுடையது என்பது; மற்றொன்று, அது வெறும் இரைச்சல் என்பது.

முதலெண்ணத்திற்கு ஒரு பழைய புரட்டு பெரிதும் உரமிட்டது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் விக்காரி என்பவர், நியூ ஜெர்சியில் உள்ள ஒரு சினிமாக் கொட்டகையில், கண்ணுக்குப் புலனாகாத வேகத்தில் 'சோளப்பொரி உண்க, கோக்க கோலா பருகுக' என்னும் பொருளுடைய சொற்களைத் திரையில் காட்டி, அவற்றின் விற்பனையை வெகுவாக உயர்த்திவிட்டதாகப் பறைசாற்றினார். மக்கள் நடுங்கினர், தம்மை அறியாமலே தம் மனத்தைப் பிறர் ஆளுகின்றனர் என்று பத்திரிகைகள் எழுதின. 1962-ஆம் ஆண்டில் அவரே அது வியாபாரத்திற்காகச் செய்த தந்திரம் என்று ஒப்புக்கொண்டார். புரட்டு வெளிப்பட்டு அறுபது ஆண்டு கடந்தும், அதனை மெய்யென்று சொல்வோர் இன்றும் உளர். விளம்பரத்தின் வல்லமையைப் பற்றி உலகம் கொண்ட நம்பிக்கையில் ஒரு பகுதி, விளம்பரம் விற்பவர் தம்மைப் பற்றித் தாமே செய்துகொண்ட விளம்பரமாகும்.

இரண்டாம் எண்ணமும் பொருந்தாது. அதனை விளக்கத் தேயிலையின் வரலாறு ஒன்றே போதும்.

தேயிலை நம் வீட்டிற்கு வந்த வரலாறு

இன்று நம்மில் காலையில் தேநீரோ காப்பியோ பருகாதவர் மிகச் சிலர். ஆயினும் அஸ்ஸாமில் 1830-களில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின்னும் நெடுங்காலம் இந்நாட்டுப் பொதுமக்கள் அதனைப் பருகினாரல்லர். விளைந்ததெல்லாம் பெரும்பாலும் கப்பலேறிச் சென்றது. 1903-ஆம் ஆண்டில் ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது ஒரு சிறு வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு தேயிலைப் பிரசாரம் செய்யச் சட்டம் இயற்றப்பட்டது. 1930-களில் உலகெங்கும் வியாபாரம் மந்தமுற்று, தேயிலை தேங்கியபோது, தோட்ட முதலாளிகளின் கண் இந்நாட்டு மக்கள்பால் திரும்பிற்று. இரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் ஏறின. தேநீர் போடும் முறை படத்துடன் எழுதப்பட்டது. ஊர் ஊராய் வண்டிகள் சென்று இலவசமாகத் தேநீர் வழங்கின. வீடு வீடாய்ச் சென்று போட்டுக் காட்டுவதற்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். காந்தியடிகள் தேநீர்ப் பழக்கத்தை எதிர்த்து எழுதியும் அந்தப் பிரசாரம் நிற்கவில்லை.

பிரசாரத்தினால் மக்கள் தேநீரை அறிந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாடு முழுவதும், கூலியாள் முதல் கோடீசுவரர் ஈறாக, அதனைப் பருகத் தொடங்கியது எப்போது? 1930-களில் அஸ்ஸாமில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு யந்திரம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணைத் தூளாக்கிற்று. சுதந்திரத்திற்குப் பின் அவ்வகைத் தூள் எங்கும் பரவிற்று. அத்தூள் விலை மலிவு. சிறிது இட்டாலும் நிறமும் கடுப்பும் மிகுதி. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சத் தக்கது. தெருக்கடைக்காரர் பிரசாரகர் கற்பித்த முறையை விடுத்து, தூளைக் குறைத்துப் பாலையும் மசாலையையும் கூட்டித் தம் மனம்போல் காய்ச்சினர். பிரசாரகர் இதனை விரும்பவில்லை, மக்களோ விரும்பினர். இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தை இந்தியரே பருகுகின்றனர்.

இவ்வரலாற்றினால் நாம் அறிவது யாது? விளம்பரம் அறியாத பொருளை அறிமுகம் செய்தது. ஒரு மிடறு சுவைத்துப் பார்க்கச் செய்தது. அதனை வழக்கமாக்கியதோ மலிவும், எங்கும் கிடைக்கும் எளிமையும், நாவிற்கு இசைந்த சுவையும் ஆம். கதவைத் தட்டியது விளம்பரம். உள்ளே அமரவைத்தது பொருளின் தன்மை.

நம் தமிழ்நாட்டிலேயே அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றுண்டு. கடலூரில் தோன்றிய 'சிக்' என்னும் தலைமுழுக்குத் திரவம், 1980-களில் சிறு உறைகளில் வந்து, சீயக்காயன்றி வேறறியாத கிராமத்தார் இல்லங்களிலும் நுழைந்தது. வானொலியில் அதன் விளம்பரம் ஒலித்ததும் உண்மை. ஆயினும் ஒரு புட்டி வாங்க இயலாதவர் ஒரு வேளைக்கு வேண்டியதைச் சில்லறைக் காசுக்கு வாங்க இயன்றதும், ஊர் ஊராய்ச் சென்று சிறுவர் தலையில் தேய்த்துக் காட்டியதும் இல்லையேல், வானொலி மட்டும் என்ன செய்திருக்கும்?

பரீட்சையில் கண்டவை

வரலாற்றை விடுத்து, இக்காலத்து அறிஞர் செய்த பரீட்சைகளை நோக்குவோம். விளம்பரத்தின் பயனை அளத்தல் மிகக் கடினம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெருங்கடை நடத்திய ஜான் வானமேக்கர் (1838-1922) என்பார், தாம் விளம்பரத்திற்குச் செலவிடுவதிற் பாதி வீண் என்றும், எப்பாதி என்பதுதான் தெரியவில்லை என்றும் சொன்னதாக ஒரு கர்ணபரம்பரை உண்டு. அவர் சொன்னாரோ இலரோ, வியாபாரிகள் அனைவரும் அதனைச் சொல்லி வருகின்றனர்.

அளப்பதில் உள்ள இடர் இன்னதென்று ஓர் உவமையால் விளக்குவோம். கலியாண வீட்டில் பந்தி நடக்கும் கூடத்தின் வாயிலில் ஒருவன் நின்று, உள்ளே செல்வோர் ஒவ்வொருவர் கையிலும் 'சாப்பிட வாருங்கள்' என்று அச்சிட்ட துண்டொன்றைக் கொடுக்கின்றான். பந்தி முடிந்ததும், 'என் துண்டைப் பெற்ற ஐந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். ஆதலின் ஐந்நூறு பேரை அழைத்து வந்தவன் நானே' என்று கூலி கேட்கின்றான். அவர்கள் துண்டின்றியும் உண்டிருப்பார்கள் அல்லவா? விளம்பரக் கணக்கிற் பெரும்பகுதி இத்தகையதே.

ஈபே என்னும் பெரிய இணைய அங்காடிக்கு இவ்வுண்மை விளங்கிற்று. அதன் பெயரைத் தேடுவோர் கண்முன் அதன் விளம்பரமே முதலில் தோன்றுமாறு, தேடுபொறி நடத்துவோர்க்கு அது பெரும்பணம் கொடுத்து வந்தது. 2012-ஆம் ஆண்டில் அங்கிருந்த பொருளியலறிஞர் அவ்விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தனர். விளம்பரத்தின் வழியே வந்துகொண்டிருந்தோரில் 99.5 சதவிகிதத்தினர், விளம்பரமின்றி இயல்பாகத் தோன்றும் இணைப்பின் வழியே வந்து சேர்ந்தனர். அதாவது பந்தி வாயிலில் துண்டு கொடுப்பவனுக்கே கூலி கொடுத்துக்கொண்டிருந்தனர். பிறகு, பொருள்களின் பெயரைத் தேடுவோர்க்குக் காட்டும் விளம்பரத்தை அமெரிக்காவின் சில பகுதிகளில் நிறுத்தி, சில பகுதிகளில் தொடர்ந்து, ஒப்பிட்டனர். மொத்த விற்பனையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஒரு வேற்றுமை மட்டும் கண்டனர்: அங்காடியை இதற்குமுன் அறியாதவரும், எப்போதோ ஒருமுறை வருபவரும் விளம்பரத்தால் அசைந்தனர்; வழக்கமாக வாங்குவோர் அசைந்திலர்.

2021-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, அமெரிக்காவில் விற்பனையாகும் நிலைபெற்ற 288 வணிகப் பெயர்களின் தொலைக்காட்சி விளம்பரங்களை எடுத்துக்கொண்டது. நடுத்தரமான பெயருக்கு, விளம்பரத்தை இருமடங்காக்கினாலும் விற்பனை நூற்றுக்கு ஒன்று அளவே உயரும் என்று அது கண்டது. 80 சதவிகிதத்திற்கு மேற்பட்ட பெயர்களுக்கு, கடைசியாகக் கூட்டிச் செலவிட்ட விளம்பரப் பணம் இலாபமாகத் திரும்பவில்லை. முன்னர் 1995-இல் வெளிவந்து, 389 பரீட்சைகளைத் தொகுத்து நோக்கிய ஆராய்ச்சியும், புதிய பொருளுக்கு விளம்பரம் பயன்படும் அளவு பழகிய பொருளுக்குப் பயன்படவில்லை என்றே கூறிற்று.

ஆயினும் 'விளம்பரம் வீண்' என்று உடனே தீர்ப்பளித்துவிடலாகாது. யாஹூ நிறுவனத்தில் ஒரு கடைக்காரரின் வாடிக்கையாளர் சுமார் 16 லட்சம் பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. சிலருக்கு இணையத்தில் விளம்பரத்தைக் காட்டியும், சிலருக்குக் காட்டாமலும் ஒப்பிட்டதில், காட்டியவர்பால் விற்பனை நூற்றுக்கு ஐந்து அளவு உயர்ந்தது. வியப்பு யாதெனில், அவ்வுயர்வில் 93 சதவிகிதம் இணையத்தில் அன்றி நேரே கடைக்குச் சென்று வாங்கியதால் வந்தது. 78 சதவிகிதம், விளம்பரத்தை விரலால் தொட்டும் பாராதவர்பால் வந்தது. 'யாம் விளம்பரத்தைப் பொருட்படுத்துவதில்லை' என்று சொன்ன நம் சகோதரிமார் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டுகின்றோம். தொடாதவரும் பார்த்திருந்தனர், பார்த்தது எங்கோ மனத்தின் மூலையில் கிடந்தது, கடைக்குச் சென்றபோது அது கையைத் தூக்கிற்று.

எவர்பால் வெல்கின்றது?

ஆகவே விடை இவ்வாறு திரள்கின்றது. தெளிந்த வழக்கமும் சொந்த அனுபவமும் உள்ளவரை விளம்பரம் எளிதில் அசைப்பதில்லை. அறியாதவரையும், தெளியாதவரையும், அஞ்சுகின்றவரையும் அசைக்கின்றது. அதன் பலத்திற் பெரும்பகுதி அதன் திறமையில் இல்லை. நம் அறியாமையிலும் அச்சத்திலும் இருக்கின்றது. இத்தகையோர் நம் இல்லங்களில் யாவர் என்று பார்ப்போம்.

முதலாவது, குழந்தைகள். 2007-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறுங்காகிதத்திலும், மற்றொன்றை மெக்டொனால்ட்ஸ் என்னும் பெயர் பொறித்த காகிதத்திலும் வைத்துக் கொடுத்தனர். பெரும்பாலும் பெயர் பொறித்த காகிதத்தில் இருந்ததே சுவையுடையது என்று குழந்தைகள் கூறின. அக்கடையில் அக்காலத்து விற்காத காரட்டுக் கிழங்கையும் அவ்வாறே கூறின. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி மிகுந்த குழந்தைகளிடத்து இவ்விளைவும் மிகுந்தது. நாக்கு உணரவேண்டியதைக் காகிதம் உணர்த்திவிட்டது! கனடாவின் கியூபெக் மாகாணத்தார், 13 வயதிற்குட்பட்ட குழந்தைகளை நோக்கி விளம்பரம் செய்வதை 1980 முதல் தடுத்திருப்பது காரணமின்றியன்று. நம் வீடுகளிலோ, அழும் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு, பிறகு அது கடை வாசலில் புரண்டு அழுகின்றதென்று கோபித்துக்கொள்கின்றோம்.

இரண்டாவது, மணமாக வேண்டிய பெண்களும் அவரைப் பெற்றோரும். 1975-ஆம் ஆண்டில் இந்நாட்டில் விற்பனைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, கருநிறத்தால் வேலையும் வரனும் அமையாத பெண், அதனைப் பூசிச் சிவந்து அனைத்தையும் பெறுவதாகப் பல்லாண்டு காட்டி வந்தது. கருநிறத்தாரை இழிவாகக் காட்டலாகாதென்று விளம்பரத் தர சபையார் 2014-இல் விதி செய்தனர். 2020-இல் அப்பூச்சின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. ஆனால் அன்பர்களே! அவ்வச்சத்தை உண்டாக்கியவர் பூச்சு விற்றவர் மட்டுந்தாமோ? நம் திங்களிதழின் மணமகள் தேவைப் பகுதியை எடுத்துப் பாருங்கள். 'சிவந்த நிறமுடைய பெண் தேவை' என்று எத்தனை பேர் எழுதியிருக்கின்றோம்! நெருப்பை மூட்டியவர் நாம். அதில் குளிர்காய்ந்தவர் அவர். நாம் விதைக்காத நிலத்தில் விளம்பரம் அறுப்பதில்லை.

மூன்றாவது, பண்டிகையும் முகூர்த்தமும் நோக்கி நிற்பவர். அட்சய திருதியை எம் இளமையில் நம் ஊர்களில் பெரிதும் தானம் செய்யும் நாளாகவே அறியப்பட்டது. நகைக்கடை வாயிலில் விடியற்காலை வரிசை நிற்கும் வழக்கம், பின்னர் நகை வியாபாரிகளின் விளம்பரத்தினாலேயே இவ்வளவு பெருகிற்று. பொன்னாசையை விளம்பரம் படைக்கவில்லை. அது நம்மிடம் தலைமுறை தலைமுறையாய் உள்ளது. விளம்பரம் செய்தது, அவ்வாசைக்கு ஒரு தேதி குறித்ததும், 'இன்று வாங்காவிடில் இவ்வாண்டுச் செல்வம் வாராது' என்னும் அச்சத்தை ஊட்டியதுமே. சேமிப்பைக் கொண்டு வாங்குவாரை யாம் குறைகூறவில்லை. இருக்கும் நகையை அடகு வைத்து, அந்நாளில் ஒரு கிராம் புதுநகை வாங்கியவரும் நம்மில் உளர். வட்டி கட்டுவது எவ்வகைச் செல்வம் என்று அவர்கள் சொல்லட்டும்.

யாம் செய்த பிழை

இனிச் சொல்லப்போவது எமக்குக் கூச்சத்தைத் தருவது. ஆயினும் அதனைச் சொல்லாது இப்பேச்சை முடித்தால் யாம் உண்மை பேசினவராகோம்.

1990-களில், மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் தமிழ்நாட்டில் பல எழுந்து பல வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றின் விளம்பரம், நம் திங்களிதழின் பின்னட்டையில் தொடர்ந்து சில திங்கள் வெளிவந்தது. அக்காலத்துப் பத்திரிகைக் குழுவில் யாமும் ஒருவராய் இருந்தோம். இதழுக்கு அறுநூறு ரூபாய் தவறாது வந்தது. யாம் மகிழ்ந்தோமேயன்றி, அந்நிறுவனம் எப்படிப்பட்டது, அவ்வட்டி எங்கிருந்து வரும் என்று ஒருவரும் விசாரித்தோமில்லை.

எம் பெரிய தாயார் கணவரை இழந்தவர், பிள்ளைகளில்லை. தம் பங்கு நிலத்தை விற்ற எழுபதாயிரம் ரூபாயை வங்கியில் வைத்திருந்தார். அதனை எடுத்து அந்நிறுவனத்தில் போட்டுவிட்டார் என்று யாம் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. "ஏன் பெரியம்மா, ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றோம். அதற்கு அவர், "தம்பி, செய்தித்தாளில்கூட அதைப் பார்த்தேன், நம்பவில்லை. நம் சங்கப் பத்திரிகையிலும் வந்திருந்ததே! நீயெல்லாம் இருக்கிறாய், விசாரியாமலா போட்டிருப்பீர்கள் என்றுதான் கொடுத்தேன்" என்றார். யாம் மறுமொழி கூற வகையின்றி நின்றோம்.

அந்நிறுவனம் மூடப்பட்டது. அத்தகைய வைப்பாளரைக் காக்க 1997-இல் தமிழ்நாட்டு அரசு தனிச் சட்டமே இயற்றியது. எம் பெரிய தாயாருக்கோ, பல்லாண்டுகள் கழித்து ஒரு சிறு பகுதியே திரும்பி வந்தது. அதைப் பெற அவர் உயிருடன் இல்லை. அவரை மயக்கியது அந்த விளம்பரத்தின் படமோ சொல்லோ அன்று. பெரிய செய்தித்தாளில் கண்டபோது நம்பாதவர், சின்னஞ்சிறு நம் இதழில் கண்டபோது நம்பினார். அவர் நம்பியது விளம்பரத்தையன்று, நம்மை. விளம்பரம் விற்பனை செய்கின்றதா என்று கேட்கின்றோம். அன்று விற்பனை ஆனது நம் சங்கத்தின் நம்பிக்கை. விலை இதழுக்கு அறுநூறு ரூபாய்.

வியாபாரிகளுக்கு

பாத்திரக்கடை நடத்தும் தம்பிக்கு எம் விடை இது: கடன் வாங்கி விளம்பரம் செய்யற்க. கோடி ரூபாய் செலவிடும் நிறுவனங்களே தம் செலவு திரும்புகின்றதா என்று அறியமாட்டாது திகைக்கும்போது, வட்டிப்பணத்தில் சோதனை செய்வது உமக்கு அடாது. உம்மிடம் இருபது ஆண்டாய் வாங்குகிறவருக்கு உம் பெயரை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை; சரியான எடையும், ஓட்டை கண்டால் முகங்கோணாது மாற்றிக் கொடுப்பதுமே அவருக்கு விளம்பரம். உம்மை அறியாதவர்க்கே அறிவிப்பு வேண்டும்: புதிதாகக் குடியேறிய தெருக்கள், கலியாணம் நிச்சயமான வீடுகள். அங்கே அழகுச் சொல் வேண்டா. பொருள், எடை, விலை, கடையிருக்கும் இடம், பழைய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும் விலை ஆகிய இவற்றை எழுதும்.

பரீட்சையும் செய்து பாரும். ஒரு பேட்டையில் மட்டும் ஒரு திங்கள் துண்டறிக்கை கொடுத்து, ஒத்த மற்றொரு பேட்டையில் கொடாது விட்டு, இரு பேட்டையிலிருந்தும் வந்தவர் எத்தனை பேர் என்று சிட்டையில் குறித்து வாரும். வேற்றுமை தெரிந்தால் தொடரும், தெரியாவிடில் நிறுத்தும். பேரறிஞர் செய்த பரீட்சையும் இதனின் வேறன்று.

இல்லத்தார்க்கு

தாய்மார்களே! 'எம்மை அசைக்காது' என்று எண்ணுவதே அசைவிற்கு முதற்படி. கடைக்குச் செல்லுமுன் வேண்டியவற்றைச் சீட்டில் எழுதுங்கள். சீட்டில் இல்லாத பெரும்பொருளை ஓர் இரவு கழித்தே வாங்குங்கள். 'இன்று மட்டும்' என்று எவன் அவசரப்படுத்துகின்றானோ, அவனிடத்தில் இரண்டு இரவு கழியுங்கள். உறையின் அளவைப் பாராமல், உள்ளிருக்கும் எடையையும் விலையையும் வகுத்துப் பாருங்கள். தவணையில் வாங்குவதாயின், திங்கள் தொகையை மட்டும் கேளாது, முடிவில் கொடுக்கும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு, 'இது நமக்கு விற்பதற்காகக் காட்டப்படுவது' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுங்கள்.

ஏமாற்றும் விளம்பரத்தைக் கண்டு வாளாவிருத்தலும் தகாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அத்தகைய விளம்பரத்திற்குப் பத்து லட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பொய் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைக்கும் பிரபலரும் அதற்கு விலக்கல்லர். 1915 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்து முறையிடலாம்.

நம் இதழுக்கு

கடைசியாக நம் இதழ். விளம்பரம் வேண்டா என்று யாம் சொல்லவில்லை. நம்மவர் கடைகளும், பள்ளிகளும், தொழில்களும் இன்ன இடத்தில் உள்ளன என்று அறிவித்தல் இதழின் கடமையே. ஆயினும் நான்கு விதிகளைச் சபையின் முன் பணிவுடன் வைக்கின்றோம். வைப்புத்தொகை கேட்பதும் கடன் தருவதுமான விளம்பரத்தை ஏற்கலாகாது. தீராத நோய் தீரும் என்னும் மருந்து விளம்பரத்தை, 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பவற்றை மட்டுமன்றி, அனைத்தையும் விலக்கவேண்டும். மணமக்கள் பகுதியில் நிறத்தைக் குறிப்பிடும் சொல்லை அச்சிடலாகாது. ஏற்கும் எவ்விளம்பரத்தையும் குழுவினர் இருவர் நேரில் விசாரித்துக் கையொப்பமிட்ட பின்னரே வெளியிடவேண்டும்.

இவற்றால் வருமானம் குறையும் என்பர். குறையட்டும். அக்குறையை ஆண்டுச் சந்தாவில் இருபது ரூபாய் கூட்டி நிரப்பிக்கொள்ளலாம். அதுவும் இயலாதெனில், நான்கு பக்கம் குறைத்து அச்சிடுவோம். பக்கம் குறைந்த இதழை நாம் மீண்டும் பெருக்கிக்கொள்ளலாம். நம்பிக்கை குறைந்த இதழை எவர் கையிலும் கொடுக்க இயலாது.

நல்ல பொருளை உள்ளபடி அறிவிப்பவர் நம் வியாபாரிகளாகவும், அறிந்து தெளிந்து வாங்குபவர் நம் இல்லத்தாராகவும், விசாரியாது ஒரு வரியும் அச்சிடாதது நம் இதழாகவும் விளங்குவதாக.